மைனஸ் ஒன்று புள்ளி ஆறு

விமானம் எப்படிப் பறக்கிறது என்பதை அந்தப் பல்கலைக்கழகத்தில் நாலு வருஷம் சொல்லிக்கொடுத்தார்கள். சொல்லிக்கொடுத்தவர்களில் ஒருத்தராவது சின்ன வயசில் காகித விமானமாவது விட்டிருப்பாரா என்பது சந்தேகம். பலகையில் இறக்கை வரைவார்கள், அம்புக்குறி போடுவார்கள், அதற்குக் கீழே ஒரு சூத்திரம் எழுதுவார்கள், "இது பரீட்சைக்கு வரும்" என்பார்கள். அத்தோடு விமானம் பறந்துவிட்டதாக அர்த்தம். துறையின் வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பெரிய சக்கரம் இருந்தது. போர் விமானத்தின் சக்கரம் என்று அட்டை வேறு மாட்டியிருந்தார்கள். டயரின் ஓரத்திலேயே 'கனரக லாரிகளுக்கு மட்டும்' என்று அச்சாகியிருந்ததை யாரும் குனிந்து படித்ததில்லை, ஒருத்தியைத் தவிர.

அந்த ஒருத்திக்கு வகுப்பு வைத்த பெயர் குதர்க்கம். எதைச் சொன்னாலும் "ஏன் சார்?" என்று கேட்பாள் என்பதால் வந்த பெயர். முதலில் அழுதாள், பிறகு பழகிவிட்டது, கடைசி வருஷத்துக்குள் அதில் கொஞ்சம் பெருமைகூட வந்துவிட்டது. கூடப் படித்தவர்கள், சொல்லிக்கொடுத்தவர்கள் எல்லோரையும் மனசுக்குள் ஒரு தட்டு கீழேயே வைத்திருந்தாள். வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை, முகத்தில் எழுதி ஒட்டியிருக்கும்.

வீட்டில் வேறு கதை. அம்மாவுக்கு ஜெராக்ஸ் கடையில் வேலை. இவர்கள் மாடியில் இருந்தார்கள், அம்மாவின் தம்பி கீழே பார்சல் ஆபீஸ் நடத்தினார். இவள் இந்தப் படிப்பில் சேர்ந்த நாளிலிருந்து மாமாவுக்கு ஒரே பாட்டுத்தான். "பாப்பா, நம்ம தெருவுல எவனாவது விமானம் செஞ்சு வித்திருக்கானா? படிச்சு முடிச்சுட்டு எங்க போவே? இங்கதான் வருவே. தராசு பக்கத்துல உனக்குன்னு ஒரு நாற்காலி போட்டு வெச்சிருக்கேன்." வெறும் வாய்ப்பேச்சு இல்லை. நிஜமாகவே ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு வைத்திருந்தார். பார்சல் கொண்டுவந்தவர் யாராவது அசதியில் அதில் உட்காரப் போனால், "ஏங்க, அது எங்க விமானத்துக்கு" என்று எழுப்பிவிடுவார். படியேறும்போது அந்த நாற்காலி கண்ணில் பட்டாலே அவளுக்கு வயிறு எரியும். தலைகீழாக நின்றாலும் அதில் உட்காருவதில்லை என்று முடிவு செய்திருந்தாள்.

கடைசி வருஷத்தில் அதற்கு ஒரு வழி பிறந்தது. ஆளில்லாமல் பறக்கும் சின்ன விமானங்களைச் செய்கிற ஒரு கம்பெனி, தன் புது விமானத்துக்கு வரைந்த இறக்கையின் மாதிரி ஒன்றைத் துறைக்கு அனுப்பியது. இதை உங்கள் காற்றுச் சுரங்கத்தில் வைத்து எவ்வளவு தூக்கும் என்று அளந்து கொடுங்கள், அளக்கிற மாணவர்களில் ஒருத்தரை வேலைக்கு எடுத்துக்கொள்கிறோம் என்றது. விமானத்தோடு சம்பந்தப்பட்ட நிஜமான வேலை! துறை தொடங்கிய நாளிலிருந்து அப்படி ஒன்று யாருக்கும் வாய்த்ததில்லை. அந்த இறக்கை குதர்க்கத்தின் கைக்கும் ஸ்லைடின் கைக்கும் வந்தது. ஸ்லைடு அவளுடைய பிராஜெக்ட் கூட்டாளி. ஸ்பேனரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாது. ஆனால் கோட்டு மாட்டிக்கொண்டு கலர் கலராக ஸ்லைடு போட்டுப் பேச ஆரம்பித்தால், கேட்கிறவர் வாயில் ஈ போவது தெரியாமல் கேட்பார்.

காற்றுச் சுரங்கம் என்றதும் மலையைக் குடைந்த சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். ஒரு பெரிய மரக்குழாய், அவ்வளவுதான். துறையில் எல்லோரும் டனல் என்பார்கள். ஒரு முனையில் அகலமான வாய். மறு முனையில் ஆள் உயர விசிறி. நடுவில் குழாய் ஒடுங்குகிற இடத்தில் ஒரு கண்ணாடி அறை. அதற்குள் ஒரு கம்பியின் மேல் இறக்கை நிற்கும், தன் முன்பக்கத்தை டனலின் வாய்க்குக் காட்டிக்கொண்டு. விசிறி சுற்றி, வாய் வழியாகக் காற்றை உள்ளே இழுக்க வேண்டும். காற்று இறக்கையின் மேல் ஓட, இறக்கை கம்பியை மேலே தூக்க, எவ்வளவு தூக்குகிறது என்பதை வெளியே இருக்கும் பெட்டி எண்ணாகக் காட்ட வேண்டும்.

இந்த டனலில் ஒரு விசேஷம் இருந்தது. எந்த இறக்கையை வைத்தாலும் பெட்டி மைனஸில்தான் எண் காட்டும். உலகத்து இறக்கைகள் எல்லாம் மேலே தூக்கும்போது இங்கே மட்டும் கீழே அமுக்கும். வேறு யாராவது என்றால் தலையைச் சொறிந்திருப்பார்கள். துறைத்தலைவர் சொறியவில்லை. பாடப்புத்தகத்தில் உள்ள ஒரு இறக்கையைச் செய்து உள்ளே வைத்தார். வந்த எண்ணை மைனஸ் ஒன்று புள்ளி ஆறால் பெருக்கினால் புத்தகத்திலுள்ள விடை வந்துவிடுகிறது என்று கண்டுபிடித்தார். அதற்குத் திருத்த ஃபேக்டர் என்று பெயர் சூட்டி, முன்னால் தன் பெயரையும் சேர்த்துக்கொண்டார். அதை வைத்தே டாக்டர் பட்டமும் வாங்கினார். மைனஸ் எதுக்கு சார் என்று குதர்க்கம் இரண்டாம் வருஷத்தில் கேட்டபோது, "அது இந்தக் கருவியோட குணம்மா" என்றார். அவள் அதையும் எழுதிக்கொண்டாள். வருஷா வருஷம் பிள்ளைகள் அந்த எண்ணை மனப்பாடம் செய்தார்கள், பெருக்கினார்கள், பாஸானார்கள், கணினிக் கம்பெனிகளில் போய்ச் சேர்ந்தார்கள். காலப்போக்கில் அவர் பெயரே ஃபேக்டர் சார் ஆகிவிட்டது.

கம்பெனி இறக்கையையும் அப்படித்தான் அளந்தார்கள். மைனஸில் வந்தது, பெருக்கினார்கள், அருமையான எண் கிடைத்தது. ஸ்லைடு அதை நாலு கலரில் வரைந்து வைத்துவிட்டான்.

ஒரு மத்தியானம் குதர்க்கம் ஆய்வுக்கூடத்தில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். தகரக் கூரை, அடுப்பு மாதிரி சூடு. ஆனால் டனலின் வாய்க்கு எதிரில் மட்டும் சுகமான இடம் ஒன்று உண்டு. டனல் ஓடும்போது அங்கே ஜிலுஜிலுவென்று காற்று வரும். கூடத்து அட்டெண்டர் தன் நாற்காலியை அங்கேதான் போட்டிருந்தார், பேப்பர் படிப்பதும் தூங்குவதும் அங்கேதான். ஆசிரியர்களே "கொஞ்சம் டனலைப் போடுப்பா, வேர்த்துக் கொட்டுது" என்று வந்து சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நிற்பார்கள். குதர்க்கமும் முதல் வருஷத்திலிருந்து அங்கே உட்கார்ந்து சாப்பிட்டவள்தான். மடியில் புத்தகம் விரிந்திருந்தது. விரிந்த பக்கத்தில் ஒரு காற்றுச் சுரங்கத்தின் படம். அம்புக்குறிகள் வரிசையாக வாய்க்குள்ளே போய்க்கொண்டிருந்தன. அடுத்த பக்கத்தைத் திருப்பக் கையெடுத்தாள். அதற்குள் டனல் வாயிலிருந்து வந்த காற்று பக்கத்தைத் திருப்பிவிட்டது.

கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றது. படத்தில் காற்று உள்ளே போகிறது. இங்கே காற்று வெளியே வருகிறது. உறிஞ்ச வேண்டிய வாய் ஊதிக்கொண்டிருந்தது.

டப்பாவை மூடாமல்கூட எழுந்தாள். தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி டனலின் வாய்க்கு முன்னால் பிடித்தாள். முடி அவளை நோக்கிப் பறந்தது.

"என்னம்மா, காத்து பத்தலையா?" என்றார் அட்டெண்டர், கண்ணைத் திறக்காமலே.

"அண்ணே, இந்த மோட்டாரை எப்பவாவது கழட்டினாங்களா?"

"எரிஞ்சு போச்சுன்னு எப்பவோ கழட்டிட்டுப் போனாங்க. சரிபண்ணி மாட்டினதுக்கு அப்புறம்தான் இங்க நிம்மதியா உட்கார முடியுது" என்று சொல்லிவிட்டு மறுபடி தூக்கத்துக்குப் போனார்.

மோட்டாருக்கு மூன்று ஒயர். திரும்ப மாட்டியவன் அதில் இரண்டை மாற்றி மாட்டிவிட்டான். விசிறி பின்பக்கமாகச் சுற்றியது. இத்தனை காலமும் இந்தத் துறையில் விமானங்கள் வாலை முன்னால் நீட்டிக்கொண்டு பின்னால் பறந்துகொண்டிருந்தன. அதற்குத்தான் மைனஸ், அதற்குத்தான் ஃபேக்டர், அதற்குத்தான் டாக்டர் பட்டம்! அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிறகு சட்டென்று வெட்கமாகிவிட்டது. அவளும்தானே நாலு வருஷம் அந்தக் காற்றில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

நேரே ஃபேக்டர் சாரின் அறைக்குப் போனாள்.

"சார், டனல் ஃபேன் ரிவர்ஸ்ல சுத்துது சார்."

அவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த பேனா நின்றது. "யார் சொன்னா?"

"யாரும் சொல்லல சார். வாய்கிட்ட நின்னா மூஞ்சில காத்து அடிக்குது. இழுக்கத்தானே சார் வேணும்?"

அவருக்குப் புரிந்துவிட்டது என்பது அவளுக்குப் புரிந்தது. காதுமடல் சிவந்ததே காட்டிக்கொடுத்தது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஏம்மா, ஃபேக்டரால பெருக்கினா புத்தகத்துல இருக்கிற விடை வருதா இல்லையா?"

"அந்த ஒரு இறக்கைக்கு வருது சார். மத்த இறக்கைக்கும் அதே..."

"வருதா, இல்லையா?"

"வருது சார்."

"அப்புறம் காத்து எந்தப் பக்கம் போனா உனக்கென்ன?"

அவர் குரலை இறக்கி, ரொம்பவும் வாஞ்சையாகச் சொன்னார். "கம்பெனிக்காரங்ககிட்ட உன் பேரைத்தான் சொல்லி வெச்சிருக்கேன். அவங்க சீஃப் இன்ஜினியரே வைவாவுக்கு எக்ஸாமினரா வர்றார். நல்ல நம்பர் கையில இருக்கு. வர்ற வேலையை வாயால கெடுத்துக்காதே. போ."

வெளியே ஸ்லைடு காத்திருந்தான். விஷயத்தைக் கேட்டதும் தலையில் கைவைத்துக்கொண்டான். "உன் காலைப் பிடிச்சுக் கேட்டுக்கறேன், ஒரே ஒரு தடவை ஊரோட ஒத்துப் போ. உனக்கே வேலை கிடைக்கட்டும், நான் எப்படியோ பிழைச்சுக்குவேன். நான் போட்ட ஸ்லைடையெல்லாம் மட்டும் மாத்தச் சொல்லாதே."

வாயை மூடிக்கொண்டால் வேலை. அது அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. திறந்தால் சிவப்பு நாற்காலி. அன்றைக்கு முழுக்க மூடிக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் அந்த இறக்கை ஒரு நாள் நிஜமாகவே ஒரு விமானத்தைத் தூக்கப் போகிறது, அந்த விமானம் யார் தலையிலாவது விழலாம் என்ற நினைப்பு அவளை விடவில்லை. அதில் நியாயம் பாதி. மீதிப் பாதி திமிர்தான், அதையும் மறைப்பானேன்? இந்தக் கூட்டத்தோடு சேர்ந்து இன்னொரு தடவை மைனஸ் ஒன்று புள்ளி ஆறால் பெருக்க அவளால் முடியவில்லை.

வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கு முந்தின நாள் கட்டட எலக்ட்ரீஷியனைப் பிடித்தாள். ஃபேக்டர் சார் சொன்னதாக ஒரு பொய்யைச் சொல்லி, இரண்டு ஒயரை மாற்றி மாட்டச் சொன்னாள். அந்த மனுஷன் எதுக்கு என்றுகூடக் கேட்கவில்லை. "சுத்துதா? சுத்துது. அவ்வளவுதான் நம்ம வேலை" என்று ஸ்குரூடிரைவரைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். டனல் ஓடியது. வாய் உள்ளே இழுத்தது, அட்டெண்டரின் பேப்பர் போய் வாயின் கம்பிவலையில் ஒட்டிக்கொண்டது. அவர் கூச்சல் போட்டார். பெட்டி பிளஸ் காட்டியது. குதர்க்கத்துக்கு அந்தப் பிளஸ்ஸைப் பார்த்து அழுகையே வந்துவிட்டது.

எண் மட்டும் சின்னதாக இருந்தது. ஃபேக்டர் பிறந்தது புத்தகத்து இறக்கைக்கு. கம்பெனி இறக்கை மெல்லியது, வேறு மாதிரி. ஸ்லைடு கலரில் வரைந்து வைத்திருந்ததில் முக்கால் பங்குகூட நிஜத்தில் வரவில்லை. இதை மாட்டினால் அந்த விமானம் தரையை விட்டுக் கிளம்பாது.

மறுநாள் சீஃப் இன்ஜினியர் வந்தார். காருக்குள்ளேயே கறுப்புக் கண்ணாடி போடுகிற ரகம். ஸ்லைடு வெளுத்து வாங்கினான். பழைய எண்களைக் காட்டியபோது அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான் நினைச்சதைவிட நல்லா தூக்குதே! எங்க, ஒரு தடவை ஓட்டிக் காட்டுங்க, பார்ப்போம்."

ஓட்டினார்கள். பெட்டி பிளஸ் காட்டியது. ஃபேக்டர் சாருக்கு மூச்சே நின்றுவிட்டது. ஆனால் பழகின கை சும்மா இருக்குமா? கால்குலேட்டரை எடுத்தது, மைனஸ் ஒன்று புள்ளி ஆறால் பெருக்கியது. சரியாக ஓடின டனலில் சரியாக வந்த எண்ணை மைனஸால் பெருக்கி, இறக்கையைத் தரைக்குள் புதைத்தார்.

"கீழே அமுக்குதா? என் இறக்கையா?" என்றார் சீஃப் இன்ஜினியர்.

அதற்கு மேல் குதர்க்கத்தால் வாயைப் பொத்திக்கொண்டிருக்க முடியவில்லை. ஒரு நூலைக் குச்சியில் கட்டி டனலின் வாயில் பிடித்தாள். நூல் உள்ளே இழுபட்டது. மோட்டார் எரிந்தது, ஒயர் மாறினது, ஃபேக்டர் பிறந்தது, நேற்று அவளே மாற்றச் சொன்னது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். அட்டெண்டர்கூட முழித்துக்கொண்டிருந்தார்.

"அனுமதியில்லாம கருவியில கை வெச்சிருக்கா" என்றார் ஃபேக்டர் சார்.

சீஃப் இன்ஜினியர் அதைக் காதில் வாங்கவில்லை. அவருக்கு ஒன்றுதான் வேண்டும். "அப்ப என் இறக்கை எவ்வளவு தூக்கும்ங்கறே?"

"இவன் காட்டினதுல முக்கால்கூட வராது சார். இறக்கையைப் பெரிசு பண்ணணும்."

"இந்த இறக்கையை வரைஞ்சது யார் தெரியுமா?"

அவள் தெரியாது என்று தலையாட்டினாள்.

"நான்."

அவ்வளவுதான், தீர்ந்தது கதை. ஒரு பக்கம் தன் பட்டத்தைக் காப்பாற்ற வேண்டியவர், இன்னொரு பக்கம் தன் இறக்கையைக் காப்பாற்ற வேண்டியவர். இரண்டு பேருக்கும் பிடித்தது ஒரே எண். "அந்தப் பையன் காட்டினதுதான் சரியா படுது. கருவியில கை வெச்சதுக்கு அப்புறம் வந்த நம்பரை எப்படி நம்பறது?" என்று சீஃப் இன்ஜினியர் எழுந்தார். ஃபேக்டர் சார் கார் வரைக்கும் கூடவே போய்க் கதவைத் திறந்துவிட்டார்.

பழைய எண்கள் போட்ட அறிக்கையில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். ஸ்லைடு போட்டான், பாஸானான், கம்பெனியில் சேர்ந்தான். குதர்க்கம் மாட்டேன் என்றாள். அவளுடைய தேர்வு முடிவை நிறுத்தி வைத்துவிட்டார்கள். அன்று சாயங்காலமே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒயரைப் பழையபடி மாற்றச் சொன்னார் ஃபேக்டர் சார். எலக்ட்ரீஷியன் மாற்றினார், டனல் மறுபடி ஊத ஆரம்பித்தது, அட்டெண்டர் நாற்காலியைப் பழைய இடத்துக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார்.

பட்டம் இல்லாதவளை எந்தக் கம்பெனி சேர்க்கும்? கொஞ்ச நாள் மாடியிலேயே படுத்துக் கிடந்தாள். பிறகு கீழே இறங்கினாள். சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்தாள். வாழ்க்கையில் அவ்வளவு அவமானமாக அவளுக்கு எதுவும் இருந்ததில்லை.

"வா பாப்பா, ஃபேன் போடவா? காத்து எந்தப் பக்கமா வரணும்?" என்றார் மாமா.

"டேய், வாயை மூடுடா" என்றாள் படியில் நின்ற அம்மா. மாமா அன்றைக்கு முழுக்க மூடிக்கொண்டார். மறுநாள் அவளைக் கேட்டுக் கேட்டு முழுக் கதையையும் வாங்கினார். கேட்டு முடித்தபோது அவர் முகத்தில் கேலி இல்லை. "முன்னாடி எது, பின்னாடி எதுன்னு தெரியாதவங்கதான் விமானம் சொல்லித் தராங்களா? நான் ஒரு பார்சலைத் தப்பா வேற தெருவுக்கு அனுப்பினாலே வீடேறி வந்து திட்டறாங்களே!" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லித் தீர்த்தார். குதர்க்கம் தராசில் பார்சலை வைத்தாள், காட்டிய எடையை எழுதினாள். எதாலும் பெருக்க வேண்டியிருக்கவில்லை.

மழைக்காலம் போய் வெயில் வந்தபோது ஸ்லைடு போன் பண்ணினான். குரலில் வழக்கமான கலர் இல்லை.

"இன்னிக்கு டெமோ. வாங்க வந்தவங்க எல்லாரும் பார்த்துட்டு நின்னாங்க."

"பறந்துச்சா?"

"ஓடிச்சு."

"பறந்துச்சான்னு கேட்டேன்."

"ஓடிச்சுன்னு சொல்றேன்ல! கிரவுண்ட் முடியற வரைக்கும் ஓடிச்சு. அப்புறம் வேலியில போய் முட்டிக்கிச்சு. நான் பின்னாடியே ஓடினேன்." குரலை இறக்கினான். "அந்த உன்னோட நம்பர்... இருக்கா?"

பல் வரைக்கும் ஒரு கிண்டல் வந்தது. இத்தனை மாசமாகச் சேர்த்து வைத்திருந்தது, நன்றாகத் தீட்டி வைத்திருந்தது. ஆனால் வேலிப் பக்கம் ஓடின ஸ்லைடை நினைத்ததும் சிரிப்பு வந்து, அதைச் சொல்லாமல் எண்ணைச் சொல்லிவிட்டாள். அந்த எண்ணை வைத்து இறக்கையைப் பெரிதாக்கினார்கள். பறந்தது. ஒரு வாரம் கழித்து சீஃப் இன்ஜினியரே பேசினார். வருத்தம் கிருத்தம் ஒன்றும் சொல்லவில்லை, அதெல்லாம் அவர் ரகத்துக்கு வராது. "வேலை இருக்கு. சர்ட்டிஃபிகேட்டோட வந்து சேரும்மா" என்றார்.

சர்ட்டிஃபிகேட் ஃபேக்டர் சாரிடம் இருந்தது. மறுபடி அவர் அறைக்குப் போனாள். நல்ல வரவேற்பு. உட்காரச் சொன்னார், டீ சொன்னார்.

"வேலியில முட்டின சேதி இங்கயும் வந்துச்சு. நீ கவனிச்சியே, அதை நானும் ரொம்ப நாளா கவனிச்சுட்டுத்தான் இருந்தேன். ஒயரையெல்லாம் மாத்திட்டோம். டனல் இப்ப முன்பக்கமாத்தான் இழுக்குது. அதுக்குத் தகுந்த மாதிரி என் ஃபேக்டரையும் திருத்தி ஒரு கட்டுரை எழுதியிருக்கேன்."

"இப்ப எவ்வளவு சார்?"

"பிளஸ் ஒண்ணு."

அவள் காதில் சரியாக விழுந்ததா என்று ஒரு நிமிஷம் சந்தேகமாக இருந்தது.

"ஒண்ணால பெருக்கினா அதே நம்பர்தானே சார் வரும்?"

"அதுதாம்மா திருத்தத்தோட வெற்றி. உன் அறிக்கையில ஒவ்வொரு நம்பரையும் புது ஃபேக்டரால பெருக்கி, பக்கத்துல எழுதிடு. முதல் பக்கத்துல நன்றின்னு ஒரு வரி. கையெழுத்துப் போட்டுக் கொடு, வைவா நானே வெச்சு முடிச்சுடறேன்."

வீட்டுக்கு வந்து பையை விட்டெறிந்தாள். அவர் எழுதிக் கொடுத்த தாள் வெளியே விழ, அம்மா எடுத்துப் பார்த்தாள். "ஒண்ணால பெருக்கணும், அவ்வளவுதானே? அதுல என்னடி குறைஞ்சு போச்சு?"

"ஒண்ணும் குறையாதும்மா. அதான் எரிச்சலா இருக்கு."

பொய் சொல்லச் சொன்னால் மறுத்துவிடலாம். மறுத்துக் காட்டியவள்தான். இது பொய்யும் இல்லை. எண்ணெல்லாம் அவள் அளந்த எண்தான், ஒரு புள்ளிகூட மாறாது. மாறுவது ஒன்றுதான்: இனிமேல் அந்த நிஜம் அவருடைய பெயரில் இருக்கும். மேசையில் உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் 'பெருக்கல் ஒன்று' என்று எழுதினாள். அதற்குப் பக்கத்தில் அதே எண்ணை மறுபடி எழுதினாள். பக்கம் பக்கமாக எழுதினாள். எல்லோரையும் ஒரு தட்டு கீழே வைத்திருந்தவள், எழுத எழுத, தானும் அந்தத் தட்டுக்கே இறங்கிவிட்டதாக உணர்ந்தாள். கையெழுத்தையும் போட்டாள்.

வைவாவில் ஃபேக்டர் சார் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"புது ஃபேக்டர் உன் எண்களை என்ன செய்யுது?"

"ஒண்ணும் செய்யாது சார்."

"மிகச் சரி" என்று அவர் முகம் மலர்ந்தது. முழு மதிப்பெண் போட்டார். அவருக்கு உறைக்கவில்லை. உறைக்கும் என்று ஒரு நிமிஷம் நம்பினதுதான் அவளுடைய முட்டாள்தனம்.

சர்ட்டிஃபிகேட்டை வாங்கிக்கொண்டு ஆய்வுக்கூடத்தின் வழியாக வெளியே வந்தாள். புதிதாகச் சேர்ந்த முதல் வருஷப் பிள்ளைகள் டனலைச் சுற்றி வேர்த்து வழிந்துகொண்டு நின்றார்கள். ஒரு பிள்ளை கேட்டது. "இங்க ஒரு ஃபேன்கூட இல்லையா அண்ணே?"

அட்டெண்டர் தகரக் கூரையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். அவள் நிற்பதை அவர் கவனிக்கவில்லை.

"முன்னாடியெல்லாம் இந்த வாயிலேர்ந்து அப்படி ஒரு காத்து வரும், தெரியுமா? படிக்கிற பொண்ணு ஒருத்தி வந்து எல்லாத்தையும் கெடுத்துட்டுப் போயிட்டா."